கஞ்சி பிள்ளைகளுக்கு

மூட்டை கிழிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யுத்த காலத்தில் எங்கள் மர்பி டவுன் குடியிருப்பில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சர்ச்சின் பங்குச் சாமியார் எங்கள் சந்துக்கு வாரம் ஒரு மூட்டை அனுப்பினார். பங்கிடும் பொறுப்பு என் சித்திக்கு. முதல் வாரம் ஆளுக்கு ஒரு பிடி என்றுதான் தொடங்கினாள். பலமுள்ள ஆண்கள் பாய்ந்து மூட்டையைப் பிடித்து இழுத்தார்கள், கிழிந்தது. மண்ணில் கொட்டியதை அள்ளும் வெறியில், கைக்குழந்தையோடு விழுந்த ஒருத்தியை மிதித்துக்கொண்டே போனார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அடுத்த வாரம் சித்தி அரிசியை யார் கையிலும் தரவில்லை. வாசலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினாள். சின்னஞ்சிறுசுகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் மட்டும். அங்கேயே உட்கார்ந்து குடிக்க வேண்டும். நானும் பக்கத்தில் நின்று ஊற்றினேன்.

"ஆளுக்கு ஒரு பிடி குடுத்தா ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்க. இதுங்களுக்கு வயிறு நெறயக் குடுத்தா இதுங்களாவது பொழைக்கும்" என்றாள்.

அரிசி கிடைக்காத ஆண்கள் கட்டைகளோடு கூட்டமாக வந்தார்கள். முன்னால் நின்றவர் சித்தப்பா. மில்லில் வேலை போய், பட்டினியில் கண்கள் குழிந்திருந்தன.

"என் வீட்டுப் பானை. நவுரு."

"பானை உங்களுது. கஞ்சி பிள்ளைங்களுது."

அவர் கையிலிருந்த விறகுக்கட்டை அவள் நெற்றியில் இறங்கியது. எலும்பில் பட்ட ஓசை எனக்குக் கேட்டது. ரத்தம் கண்ணை மறைக்க, சித்தி கொதிக்கும் கஞ்சியை மொண்டு அவர் கால்களில் வீசினாள். அவர் அலறி விழுந்தார். மறுபடியும் மொண்டு ஓங்கியபடி நின்றாள். கூட்டம் பின்வாங்கியது. நெற்றியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடைசிக் குழந்தை குடித்து முடிக்கும்வரை ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் புருஷனிடம் போனாள். வெந்த காலுக்கு எண்ணெய் தடவும்போது அழுதாள்.

அடுத்த மூட்டை வந்த அன்று சித்தப்பா நொண்டிக்கொண்டே போய்ச் சந்து முனையில் உட்கார்ந்தார். பெரிய ஆள் எவனையும் உள்ளே விடவில்லை. தனக்கென்று ஒரு வாய் கேட்கவும் இல்லை.

இப்போது அந்தச் சந்தில் மாடிவீடுகள். அன்று கஞ்சி குடித்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் அதன்பின் எங்கள் சந்தில் குழந்தைச் சாவு விழவில்லை. பெரியவர்கள் சிலர் போனார்கள். சித்தப்பாவும் போனார். கல்லறையில் மண் போட்டுவிட்டு, சித்தி கஞ்சி நேரத்துக்கு வீடு திரும்பி அடுப்பு மூட்டினாள்.