உப்புச் சாக்கு மூடிய லேத்

எழுபதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம் அது. நாங்கள் முத்தையாபுரத்தில், உப்பளத்துக்குப் போகிற வழியில், பின்பக்கம் தகரச் சாய்ப்பு இறக்கிய ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம்.

என் கணவர் ஒரு பட்டறையில், இரும்பைச் சுழற்றிச் சீவும் லேத் மெஷினில் கடைசல் வேலை பார்த்தவர். ஒரு விபத்தில் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. வேலையை விட்டு நிறுத்தவில்லை, பட்டறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கையைத் தோளில் கிடக்கும் துண்டுக்குள் சுருட்டியே வைத்திருப்பார். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். அவர் நடக்க நடக்க எனக்கும் இருப்புக் கொள்ளாது. சோறு வடிக்கும்போதுகூடக் காது அவர் காலடிச் சத்தத்திலேயே இருக்கும்.

அப்படி இருந்தவர் ஒருநாள் மாட்டுவண்டியில் ஒரு பழைய லேத்தை ஏற்றிக்கொண்டு வந்து பின்பக்கச் சாய்ப்பில் இறக்கினார். துறைமுக வேலைக்கு வந்தவர்கள் கழித்துப்போட்ட மெஷின். துரு தின்று, சக்கரமெல்லாம் இறுகி, அசைத்தால் அசையாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இத வச்சி என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"ஓட்டப் போறேன்" என்றார்.

மிச்சமிருக்கிற விரல்களை வைத்து இனிமேல் கடைசல் பிடிக்க முடியுமா, முடியாதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. முடியாது என்று தெரிந்துவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவாரோ என்ற பயம் அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டது.

பல்சக்கரங்களைக் கழற்றி, என் அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். அண்டா போனது போனதுதான். லேத்தின் உயிர் அதன் பெட்டில்தான் இருக்கிறது என்பார். வெட்டும் கருவி வழுக்கிக்கொண்டு போய் வருகிற நீளமான இரும்புப் பாதை அது. அதில் மேடு பள்ளம் இருந்தால் எந்த வேலையும் நேராக வராதாம். வேலை முடிந்து வந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். என்னைத் தொட விடமாட்டார். இடது கையால் தேய்ப்பார், வலது கை துண்டுக்குள் இருக்கும்.

துருத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடியது. அங்கே இருந்த அக்கா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். "ஏளா, ஒம் மாப்பிள்ள இரும்பக் கழுவுதாரா, ஊரக் கழுவுதாரா?" என்று ஒருநாள் கேட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் ஒன்று சொல்ல, அவர் இரண்டு சொல்ல, பேச்சு வார்த்தை நின்றுபோனது.

பெட்டில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பு வந்த நேரத்தில் புன்னைக்காயலில் என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மேலாக எண்ணெய் தடவிவிட்டு அரை மனதோடு புறப்பட்டார். கோயிலில் நிற்கும்போதே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் உட்காரவில்லை. நாலு பேர் முன்னால் அந்தக் கையால் பிசைந்து சாப்பிடக் கூச்சம். பசியில்லை என்று கடற்கரைப் பக்கம் போய்விட்டார். சாயங்காலம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. மறுநாளும் ஓயவில்லை, பாதையில் தண்ணீர் ஏறி பஸ்ஸும் வரவில்லை. என் அம்மா வீட்டு வாசலில் அவர் நடந்த நடையில் கல்யாண வீட்டுச் சந்தோஷமே எனக்கு மறந்துபோனது.

அதற்கடுத்த நாள் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே பின்பக்கம் ஓடினார். சாய்ப்புத் தகரம் காற்றில் பறந்து போயிருந்தது. ஆனால் லேத்தின் மேல் யாரோ சாக்குகளை அடுக்கடுக்காகப் போட்டு, கயிற்றால் கட்டியிருந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. அவர் ஒரு சாக்கைத் தூக்கினார். கீழே பெட் முழுக்கச் செக்கச் செவேலென்று துரு பூத்திருந்தது.

எல்லாம் உப்புச் சாக்கு. எங்கள் பக்கம் அது இல்லாத வீடே கிடையாது. கூரைக்கும் அதுதான், மறைப்புக்கும் அதுதான், படுக்கவும் அதுதான். அதில் உப்பு இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வராது. வெறும் மழை கொஞ்சம் நனைத்துவிட்டுப் போயிருக்கும். இந்தச் சாக்கோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்பையும் சேர்த்து இறக்கிவிட்டது.

அவர் கையைத் துண்டுக்குள் செருகிக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது. யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். கொதித்துப் போய்ப் பக்கத்து வீட்டுக்கு நடந்தேன். என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று போகிற வழியிலேயே வரிசையாக வாயில் வந்து நின்றது.

அக்கா அடுக்களையில் தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். அடுக்களைக்கு மேலே வானம் தெரிந்தது. ஓலையின் மேல் ஒழுகாமலிருக்கப் போட்டிருந்த சாக்குகள் ஒன்றுகூட இல்லை. அடுப்பு கரைந்து சேறாகக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அவரே பேசினார். "ஒங்க தகரம் பறந்து எங்க முத்தத்துல விழுந்துச்சிளா. அண்ணாச்சி இம்புட்டு நாளு தேச்சது வீணாப் போயிருமேன்னு கையில கெடச்சதப் போட்டு மூடுனேன். நனைஞ்சிட்டா?"

தன் கூரையில் கிடந்ததை உருவித்தான் எங்கள் லேத்தை மூடியிருக்கிறார். "நல்லவேள, மூடுனீங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கணவரிடம் அந்தக் கூரையைப் பற்றிச் சொன்னேன். "அவங்ககிட்ட சாக்கப் பத்திச் சொல்லிராத" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அக்காவே வந்துவிட்டார். பெட்டைப் பார்த்து, "பாத்தியா, இம்புட்டு மூடியும் மழ உள்ள போயிருக்கு" என்று மழையைத் திட்டிக்கொண்டே, கேட்காமல் ஒரு உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டார். நானும் எடுத்தேன். அந்த நிலையில் எங்களை வேண்டாம் என்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. அவரும் வந்து குனிந்தார்.

குனிந்து தேய்க்கத் தேய்க்க, கையைச் சுற்றிய துண்டு சரிந்து சரிந்து மண்ணெண்ணெயில் விழுந்தது. அக்கா இரண்டு தடவை பொறுத்துப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, அந்தத் துண்ட அங்கன தூரப் போடுங்க. பெருவிரலு இருக்குல்லா, பெறகென்ன?" என்றார்.

அந்தக் கையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயெடுத்ததில்லை. கணவர் என்ன செய்யப்போகிறாரோ என்று தலையைத் தூக்காமல் இருந்தேன். அவர் சிரித்துவிட்டார். துண்டைக் கொடியில் வீசிவிட்டு, வலது கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

கார்த்திகை முடிவதற்குள் லேத் ஓடியது. முதல் இரும்பிலிருந்து சுருண்டு விழுந்த சீவலை எடுத்து அவர் என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது, ஆனாலும் கீழே போடவில்லை. அடுத்த வருஷம் அந்த ஸ்டூலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மீன்பிடி வள்ளங்களுக்கும் பம்புகளுக்கும் கடைசல் வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார்.

அந்த அக்கா கடைசிவரை, "நான் மட்டும் மூடலேன்னா அந்த மெசினு அன்னைக்கே போயிருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஆமாம் ஆமாம் என்போம். பெட்டின் ஒரு ஓரத்தில் துரு அரித்த புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அதைத் துடைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அந்தக் கூரையைப் பார்க்காமல் வாயைத் திறந்திருந்தால் அக்கா எங்கள் வாசலை மிதித்திருக்க மாட்டார், என் கணவரின் கை இன்றைக்கும் துண்டுக்குள்தானே இருந்திருக்கும் என்று எனக்குப் பதறும்.