லிஃப்டில் சொன்ன உண்மை

சென்ற வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. எழுத உட்காரும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எதற்கெடுத்தாலும் பயம். பஸ்ஸில் ஏறிய பிறகு காஸ் அடுப்பை மூடினேனா என்று சந்தேகம் வந்து, பாதி வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கணவர் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைவீதியில் ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடைக்குச் சரக்கு கொள்முதல் பார்க்கிறார். ஒரே மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து கீபோர்டு வாசிப்பாள். அடுத்த கிரேடு பரீட்சைக்கு நிஜப் பியானோவில் பழகாமல் முடியாது, கீபோர்டில் பழகிய விரலுக்குப் பியானோக் கட்டையின் கனம் பிடிபடாது என்று அவள் டீச்சர் சொல்லிவிட்டார். புதிது வாங்க எங்களால் ஆகாது. சீட்டு எடுத்து, பழையது ஒன்று பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

பழையது என்றதும் என் பயம் தொடங்கிவிட்டது. உள்ளே கரையான் இருக்குமோ, எலி குடியிருக்குமோ, இந்த ஊர் ஈரத்தில் கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்குமோ! விஷயம் தெரிந்த ஆள் ஒருத்தர் பார்த்துச் சொல்லாமல் வாங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். கணவர் சிரித்தார்.

"ஒன்னப் பொண்ணு பாக்க வந்தப்போகூட எங்க வீட்ல இவ்வளவு விசாரிக்கல்ல, கேட்டியா?"

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டீச்சரிடம் கேட்டு, பியானோவுக்குச் சுதி சேர்க்கிற ட்யூனர் ஒருவரைப் பிடித்தேன்; மலையாளி, ஆனால் தமிழ் கலந்து பேசுவார். வந்து பார்ப்பதற்கான கூலியும் ஆட்டோவும் எங்கள் செலவு.

விற்கிறவர்கள் இளம் தம்பதி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முன்பு சென்னையில் இருந்தவர்களாம், அதனால் எங்களோடு தமிழிலேயே பேசினார்கள். சாயா, கேக், நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் வந்தது. பியானோவைப் பார்த்ததும் மகளுக்கு முகமே மாறிவிட்டது. கருமரம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. உட்கார்ந்து கொஞ்சம் வாசித்தாள்.

பிறகு ட்யூனர் மேல் மூடியைத் திறந்தார். டார்ச் அடித்தார். கம்பி சுற்றியிருக்கும் ஆணிகளில் ஒரு சாவியை மாட்டி இங்கேயும் அங்கேயும் திருகிப் பார்த்தார். மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கொள்ளாம். நல்ல சாதனமாக்கும்."

"கரையான் உண்டா?" என்று கேட்டேன்.

"இல்ல சேச்சி."

"எலி?"

"எலியும் இல்ல."

"பாம்பு உண்டான்னும் கேட்டுக்கோங்க ஆண்ட்டி" என்றார் அந்த வீட்டுக்காரப் பையன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாள்கணக்காக இருந்த பயம் அப்போதுதான் விட்டது. என் கணவர் எழுந்து அந்தப் பையனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அப்போ முடிச்சாச்சு" என்றார். மிளகாய் வியாபாரத்தில் இது சாதாரணக் குலுக்கல் இல்லை. கை கொடுத்த பிறகு மறுநாளே விலை சரிந்தாலும் சரக்கை எடுத்தே ஆக வேண்டும். மாற்றிப் பேசினவனுக்கு அதற்குப் பிறகு ஆரியசாலையில் மூட்டை இறங்காது.

லிஃப்டில் நாங்கள் நாலு பேர் மட்டும். வருடத்துக்கு எத்தனை தடவை சுதி சேர்க்க வேண்டும் என்று ட்யூனரிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"அதுக்கொண்ணும் காசு களையண்டா சேச்சி. ஆணி இருக்கிற பலகை பொளிஞ்சு போச்சு. இன்னிக்கு முறுக்கினா அடுத்த வாரம் தளர்ந்திரும். ஹால்ல வச்சா காண நல்ல பங்கியா இருக்கும்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. சுதியே நிற்காதாம், ஹாலில் அழகுக்கு வைக்கத்தான் ஆகுமாம்! "மேலே நல்ல சாதனம்னு சொன்னீங்களே?"

"அவங்க வீட்ல இருந்து, அவங்க சாயா குடிச்சிட்டு, அவங்க முகத்த நோக்கி எப்படிச் சொல்றது? மோசமல்லே?"

லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. மகள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் தோணிச்சும்மா. நடுவுல நாலஞ்சு கட்டை அபஸ்வரமா கேட்டுச்சு. அவங்க முன்னால எப்படிச் சொல்றதுன்னு..."

அதுதான் என்னைப் பற்ற வைத்தது. கூலி வாங்கிக்கொண்டு வந்தவருக்கும் மரியாதை, பதினேழு வயதுப் பிள்ளைக்கும் மரியாதை. எல்லாருடைய மரியாதைக்கும் நாங்கள் சீட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா? லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

"நில்லு. கை கொடுத்தாச்சுல்லா?" என்றார் கணவர்.

"குடுத்தது நீங்க. நான் குடுக்கல்ல."

ட்யூனர் நைசாக வெளியே நழுவப் பார்த்தார். "நீங்க எங்க போறீங்க? வாங்க" என்று அவர் பையைப் பிடித்துக்கொண்டேன். வேறொரு ஆணின் பையைப் பிடித்து இழுப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மேலே போய் மணியடித்தேன். கதவைத் திறந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஆண்ட்டி, நீங்கதானே ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க? அவர் பாத்து ஓகே சொன்ன பிறகுதானே முடிச்சோம்?" என்றார்.

"அந்த ஆளேதான் லிஃப்ட்ல வேற சொல்லுகாரு. உங்க சாயா குடிச்சதால இங்க வச்சுச் சொல்ல முடியலையாம். கேளுங்க."

ட்யூனர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பழசில்லே, கொஞ்சம் அப்படி இப்படியொக்க இருக்கும்..." என்று இழுத்தார். அந்தப் பெண் முகம் சிவந்து, "போன வருஷம் சுதி சேர்க்க வந்தப்போ இவரே எங்ககிட்டயும் இதைச் சொன்னார். இன்னிக்கு நல்லா இருக்குன்னதும் சரியாயிடுச்சு போலன்னு நினைச்சோம்" என்றார். பலகை தானாகச் சரியாகுமா? எலி உண்டா, கரையான் உண்டா என்று நான் கேட்டபோது சிரித்தார்களே, அப்போது இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! அந்த அறையில் தெரியாமல் சிரித்தது நானும் என் கணவரும் மட்டும்தான்.

இனி வாக்குவாதம்தான் என்று இருந்தபோது, மகள் எங்களைத் தாண்டி உள்ளே போனாள். பியானோவைத் திறந்து, நின்றபடியே, கெட்டுப்போன கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மெதுவாக, ஒன்று ஓய்ந்த பிறகு அடுத்தது.

"இதைக் கேளுங்க அங்கிள்" என்றாள். "இதையும்."

சங்கீதம் தெரியாத எனக்கே கேட்டது. என் கணவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு, "வேண்டாம் தம்பி. நான் கொடுத்த கையைத் திரும்ப எடுத்துக்கிடுதேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது ஆரியசாலைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

பரீட்சைக்கு டீச்சர் வீட்டுப் பியானோவிலேயே பழகினாள். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை அழகாக வாசித்துக் கேட்டுவிட்டேன். ஆனால் பெரியவர்கள் மரியாதைக்குப் பயந்து உண்மையை மறைத்த அந்த வீட்டில் அவள் அழுத்திக் காட்டிய கெட்ட ஸ்வரங்கள்தான், என் பிள்ளை வாசித்ததிலேயே எனக்கு மிகவும் பெருமை தந்தவை.