கோபுரமும் மணல்மேடும்

திசைகாட்டியைப் பற்றி யாராவது பெருமையடித்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். சோற்றை மறந்தாலும் மறப்பார், அந்தப் பித்தளைப் பெட்டியை மறக்க மாட்டார்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதும், அடுத்தது நம் கரைதான் என்று பேச்சு கிளம்பியது. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்திலிருந்த எங்கள் ஊரே மூட்டை கட்டியது. நாங்கள் தேரிக்காட்டுக்குள் இறங்கி, கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த நாசரேத் ஊருக்கு நடந்தோம். தேரி என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல், பாதை கிடையாது. அவர் வரைபடத்தை விரித்து, அதன் வடக்கை ஊசியின் வடக்கோடு பொருத்தி, போகவேண்டிய திசையில் தூரத்துப் பனை ஒன்றைக் குறிவைப்பார். அதை அடைந்ததும் அடுத்த பனை.

என் இடுப்பில் மகன் இருந்தான். இரண்டு வயது. புறப்படும்போதே காய்ச்சல். நடுத்தேரியில் அவன் உடம்பு சில்லிட்டுவிட்டது. அந்த வெயிலில் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அங்கேயே புதைத்து, பனைமட்டையில் ஒரு சிலுவை நட்டார். நான் மணலைவிட்டு எழவில்லை.

"ஏளா, எந்திரி. திரும்பி வந்து எடுத்து நம்ம கல்லறைத் தோட்டத்துல வப்போம். எடம் எனக்குத் தப்பாது" என்றார்.

கிழக்கே எங்கள் ஊர் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. தெற்கே ஓங்கிய ஒரு மணல்மேடு. இரண்டும் எத்தனை டிகிரியில் நிற்கின்றன என்று பெட்டியில் பார்த்து வரைபடத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். இரண்டிலிருந்தும் கோடு இழுத்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் பிள்ளை கிடக்கும் இடம். முத்துக் குளிக்கிறவர்கள் சிப்பி கிடக்கும் இடத்துக்குக் கரையைப் பார்த்து அடையாளம் வைப்பது இப்படித்தான். கடல்தான் அசையும், கரை அசையாது என்பது அவர் நம்பிக்கை. நானும் கடற்கரைக்காரிதானே, நம்பினேன்.

எங்கள் ஊரில் குண்டு விழவே இல்லை. எல்லோரும் திரும்பினோம். நான் காய்ச்சலில் கிடந்து எழுவதற்குள் ஆடிக்காற்று அடித்து ஓய்ந்துவிட்டது.

மறுபடி தேரிக்குப் போனோம். கோபுரம் குறித்துவைத்த டிகிரியிலேயே நின்றது. தெற்கே அந்த மேடு இல்லை. காற்று அதைக் கலைத்து வேறெங்கோ கொட்டியிருந்தது. சிலுவையும் இல்லை. ஒரு குறி போனால் மிஞ்சுவது ஒரு கோடு மட்டும். பிள்ளை அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறான்; எங்கே என்று சொல்ல உலகத்தில் ஒரு கருவியும் இல்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது.

அவர் மண்வெட்டியால் கண்ட இடத்தில் தோண்டினார். தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழியை மூடியது. கொஞ்ச நேரத்தில் கோடே அவருக்குத் தப்பிவிட்டது. மறுபடி பெட்டியைத் திறந்தார்.

"ஏளா, முன்னால போயி நான் கை காட்டுத எடத்துல நில்லு. ஒன்ன வச்சு கோட்ட நேராக்கணும்."

நான் நகரவில்லை.

"எப்படி நிக்கச் சொல்லுதிய? புள்ளைய மிதிச்சிருவனே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். அதன் பிறகு தோண்டவில்லை. கோபுரத்தைப் பார்த்தே ஊருக்கு நடந்தோம், கோட்டின்மேல் கால் படாமல், ஓரமாகவே.