மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சத்தம் போட்டவர்

அந்தமானில், ரங்கத் என்ற ஊரில், கப்பல் டிக்கெட் கவுண்டரில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் ஜனங்கள் என்னைச் சாந்தமானவள் என்று நினைக்கிறார்கள். என் முணுமுணுப்பு கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது, அவ்வளவுதான் விஷயம். வெளியே நின்று வரிசையைக் கட்டி மேய்த்தவர் எங்கள் பியூன் முனியாண்டி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் ஒரு கான்ட்ராக்டரோடு மண் சுமக்கக் கப்பலேறி வந்தவர். முப்பது வருஷமாகியும் ஊர்த் தமிழ் மாறவில்லை. கூடவே ஹிந்தியும் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் ஹிந்தி, ரொம்பக் கோபம் வந்தால் தமிழ். பெங்காலிக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் அவர் எந்த மொழியில் இருக்கிறார் என்பதை வைத்தே ஓடுவதா நிற்பதா என்று முடிவு செய்வார்கள்.

கொரோனா வந்த வருஷம் அவர் பயந்த மாதிரி இந்தத் தீவில் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் அவர் மனைவி அழகம்மா. அந்த அக்காவுக்குச் சின்ன வயதில் டி.பி. வந்து ஒரு பக்க நுரையீரல் ஏறக்குறையப் போய்விட்டது. கடைத்தெருவுக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். டாக்டர் முனியாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வியாதி உங்கள் வீட்டுக்குள் மட்டும் நுழையவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் போனது அவருடைய தூக்கம்.

"நளினிம்மா, அவளுக்கு இருக்கறதே ஒரு பக்கம்தான். அதுவும் போச்சுன்னா நான் யாருகிட்ட திட்டு வாங்குறது?" என்றார் என்னிடம். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அவர் நடத்திய அமர்க்களம் தெருவுக்கே தெரியும். வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயில் குளித்து, சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். படுக்கை விறகுக் கொட்டகையில், கோழிகளோடு. சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான் போகும். வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அழகம்மா பழைய புடவையில் மூன்று மடிப்பாகத் தைத்துக் கொடுத்த முகக்கவசம் மூக்குக்கு மேல் இருக்கும். ஜன்னல்கள் திறந்தே இருக்கும், மழை அடித்தாலும். வாங்கி வந்த கத்தரிக்காயையும் தேங்காயையும் சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு நாள் நெத்திலிக் கருவாட்டையும் கழுவிவிட்டார். அன்று மத்தியானம் குழம்பு கொதிக்கக் கொதிக்க நுரை பொங்கியது.

"ஏய்யா, கருவாட்டுக்கா காய்ச்சல் வரப்போவுது?" என்று அழகம்மா கேட்டது நாலு வீட்டுக்குக் கேட்டது.

குழம்பைக் கொட்ட மனசில்லாமல் அவரே முழுவதும் சாப்பிட்டார். மறுநாள் ஆபீஸில் ஏப்பம் விடும்போதெல்லாம் சோப்பு வாசனை வந்ததாக நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் வந்தது.

ஆபீஸ் வாசலில் ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டதும் அவர்தான். முதல் நாள் விடிந்து பார்த்தால் எல்லா வட்டமும் நிரம்பியிருந்தன. முதல் வட்டத்தில் ஒரு தேங்காய், அடுத்ததில் ஒரு குடை, அப்புறம் ஒற்றை ரப்பர் கம் பூட், அப்புறம் பேர் எழுதிய காகிதத்தோடு ஒரு கல். எங்கள் தீவில் கப்பல் டிக்கெட்டுக்கு இடம் பிடிப்பது எப்போதும் இப்படித்தான். தேங்காயும் குடையும் ஆறடி தள்ளி ஒழுக்கமாக நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் பாதாம் மர நிழலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

முனியாண்டி தமிழுக்கு மாறினார். "தேங்காய்க்கா டிக்கெட்டு குடுக்கப் போறாங்க? ஆளு நில்லுங்கய்யா!"

யாரும் அசையவில்லை. வட்டத்தில் இருந்ததையெல்லாம் அள்ளி ஆபீஸுக்குள் போட்டுப் பூட்டினார். குடைகளையும் சேர்த்து. கால்மணி நேரத்தில் மழை கொட்டியது. நாற்பது பேரும் என் கவுண்டரின் ஒன்றரை அடி தகரத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்கள். கண்ணாடியில் எத்தனை மூக்கு அப்பியிருந்தது என்று எண்ணிப் பார்த்து, நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் தொண்டையை மட்டுமே நம்பினார். அங்கேதான் வினை. முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினால் அவருக்குத் திருப்தியாக இல்லை. கிட்டே போய், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, "ஏ பாய், மாஸ்க் லகாவ்! தூர் கடா ஹோ!" என்று, மாஸ்க்கைப் போடு, தள்ளி நில் என்று, எச்சில் தெறிக்கக் கத்துவார். ஆள் நகர்ந்ததும் மரியாதையாக மேலே ஏற்றிக்கொள்வார். ஒரு நாளைக்கு நூறு முறை இறங்கும், நூறு முறை ஏறும்.

வரிசையில் நின்ற பாலகுமார் வாத்தியார் பொறுக்க முடியாமல் கேட்டார். "அண்ணே, உங்க மாஸ்க்?"

"நான் பேசிட்டிருக்கேன்ல சார்!"

நானும் கண்ணாடியைத் தட்டிச் சொன்னேன், பேசும்போதுதான் அது தேவை என்று. அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, முகக்கவசத்தை இறக்கி, "என்ன சொன்னீங்க?" என்றார்.

நவம்பரில் ஒரு காலை ஆபீஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர், பினாயிலில் யாரோ தண்ணீர் கலந்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார். எனக்கோ அந்த நெடியில் கண் எரிந்தது. அவருக்கு வாசனையே வரவில்லை. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, அழகம்மா, என்று மட்டும் சொன்னார்.

பரிசோதனையில் அவருக்குத் தொற்று இருக்கிறது என்று வந்தது. எனக்கு இல்லை என்று வந்தது. அவரைப் பள்ளி விடுதி ஒன்றில் மாடியில் வைத்தார்கள். அழகம்மாவின் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள்; முடிவு தெரிய இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவர் எனக்குப் போன் செய்தபடியே இருந்தார். தன் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மூச்சு எப்படி வாங்குறா? படியேறிப் பாக்கச் சொல்லுங்க. வேணாம், வேணாம், ஏற வேணாம்." எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கருவாட்டைக் கழுவத் தெரிந்த மனுஷனுக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லையே என்று தனியாக உட்கார்ந்து திட்டினேன். திட்டும்போதே அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் நர்ஸ் ரூபா அழகம்மா வீட்டு வாசலில் தள்ளி நின்று முடிவைச் சொன்னாள். தொற்று இல்லை. நானும் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

ரூபாவுக்கு ஆச்சரியம். "வீட்ல அவர் மாஸ்க்கைக் கழட்டவே மாட்டாரா அக்கா?"

"எதுக்குக் கழட்டணும்? சோறு கொட்டாயில. வீட்ல அவரு எங்க பேசினாரு? நான்தானே பேசுவேன்" என்றாள் அழகம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போனேன். வாசல் கேட்டுக்கு அப்பால் போக அனுமதியில்லை. முனியாண்டி மாடி ஜன்னலுக்கு வந்தார். இளைத்துப்போயிருந்தார். அழகம்மா ஆரம்பித்தாள். கோழி இரண்டு முட்டை போட்டது, கொட்டகை ஒழுகுகிறது, ஊரையெல்லாம் திருத்தப் போனவன் உன்னைத் திருத்தினியா, ஒழுங்கா மாத்திரை போடறியா என்று ஐந்து நிமிஷம் விடாமல் பேசினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். பிறகு அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

அந்த இடைவெளியில் முனியாண்டிக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. கை தாடைக்குப் போனது. விரல் துணியின் ஓரத்தைத் தொட்டது, அங்கேயே நின்றது, பிறகு கையைக் கீழே போட்டார். முகக்கவசத்துக்குள்ளிருந்தே ஏதோ சொன்னார். மெதுவாக, நீளமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கேட்டுக்கும் மாடிக்கும் நடுவே அவ்வளவு தூரம். எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

"கேக்குதுய்யா, கேக்குது" என்றாள் அழகம்மா.