"விடுங்க" என்று சொல்லக் கூடாத அறை

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருங்கள். உள்ளே உட்கார்ந்திருந்தது நான்.

நுரையீரல் பரிசோதனை அறையில் எனக்கு வேலை. நோயாளியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, குழாயில் ஊதச் சொல்ல வேண்டும். மூச்சின் அளவைக் கம்ப்யூட்டர் கோடாகப் போடும். சேர்ந்த முதல் நாளே சீனியர் அக்கா சொன்னார்: "இங்க 'விடுங்க'ன்னு சொல்லாத. 'ஊதுங்க'ன்னு மட்டும் சொல்லு." மூச்சை விடாமல் வேறென்ன செய்வார்களாம்! அக்காவுக்கு இருக்கும் ஆயிரம் கிறுக்கில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஆஸ்துமாக்காரர்களின் ரத்தத்தை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. மூச்சு திணறத் திணற உடம்புக்குள் ஒருவகைத் துரு ஏறுமாம். அதைத் தடுக்கும் என்சைம்கள் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். நாற்பது பேரில் ஓர் ஆள் குறைந்தது. எனக்கும் ஒன்பது வயதிலிருந்து வீசிங். "நானே உக்காரறேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக்குணம். சோதனைக்காக முந்தின நாளிலிருந்து இன்ஹேலரைத் தொடவில்லை.

பகல் 1:05. ரத்தம் எடுப்பவர் என் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். கொசு அண்ணன் என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர்.

"உள்ள உக்காரும்மா. பெட்டிக்குள்ள சூடு ஒரு நிலைக்கு வரணும். ரத்தத்தை மெஷின்ல வச்சுட்டு வந்துடறேன்."

1:09. கதவு மூடிக்கொண்டது. டப். என் இன்ஹேலர் எதிரே மேசைமேல் இருந்தது. ஆறடி தூரம்.

1:11. ஸ்பீக்கர் கரகரத்தது.

"விடுங்க..."

கொசு அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்தேன். குழாயைக் கவ்வி ஊதினேன்.

"விடுங்க... விடுங்க..."

மறுபடி ஊதினேன். மூன்று தடவை. நெஞ்சு இறுகியது. அப்புறம்தான் உறைத்தது. இந்த அறையில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

வெளியே பார்த்தேன். நாற்காலி காலி.

கதவுப் பொத்தானை அழுத்தினேன். தோளால் இடித்தேன். ம்ஹூம்.

1:14. திரையில் கோடு ஏறி இறங்கியது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். கோடு நிற்கவில்லை...

கீ... கீ... இழுப்புச் சத்தம். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் முதுகுப் பக்கம்.

"விடுங்க..."

இந்தத் தடவை ஸ்பீக்கரில் வரவில்லை.

"விடுங்க! என்னை விடுங்க!" நானும் கத்தினேன்.

ஐயோ... என் பின்னால் இருந்தவரும் அதைத்தான் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

1:17. கண் இருட்டியது.

டப்.

கொசு அண்ணன் என் வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்தினார். "தொட்டதும் கதவு திறந்துடுச்சேம்மா... ஏன் உள்ளயே உக்காந்திருந்த?"

மூன்றாம் நாள் என் ரத்த முடிவு வந்தது. என்சைம் அளவு அதலபாதாளத்தில் கிடந்தது. கடைசி மூச்சுவரை போராடிய உடம்பில்தான் அப்படி இருக்குமாம். ஆனால் ரத்தம் எடுத்தது, நான் பெட்டிக்குள் போவதற்கு முன்னால்.

சீனியர் அக்கா தாளைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார். அதில் ஒருவரின் கடைசி ரத்த முடிவு. என்சைம் அளவு அதே எண். புள்ளிக்குப் பின்னாலும் அதே.

"யாருக்கா இவரு?"

"நாலு வருஷம் ஆச்சுடி. உள்ளேருந்து 'விடுங்க, விடுங்க'ன்னு கத்தினாரு. நான் சொல்றதையே திருப்பிச் சொல்றாருன்னு நெனச்சேன். 'அப்படித்தான், நல்லா விடுங்க'ன்னேன். கதவைத் திறந்தப்ப மூச்சு இல்ல... பாவி நான்."

இன்றும் அதே அறையில்தான் வேலை செய்கிறேன். 'ஊதுங்க' என்றுதான் சொல்கிறேன். நேற்றுப் பகல் 1:11க்கு, உள்ளே இருந்த பெரியவர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ 'ஊதுங்க'ங்கற. பின்னாடி இருக்கறவரு 'விடுங்க'ங்கறாரு. நான் யார் பேச்சைக் கேக்கறது?"