மெர்லிமாவ் தோட்டத்தில் ஓர் ஐந்து டன் பாலம்

ஒரு பாலத்தின் எடை வரம்பு பொய் என்று தெரிந்த பிறகும் அதை வரைபடத்தில் விட்டுவைக்கலாமா? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. தோட்டத்துச் சாலைகளைப் பார்க்க மலாக்கா பக்கம் போகிறவர்களுக்காக, தொண்ணூறுகளின் கடைசியில் நான் போன பயணத்தை எழுதுகிறேன்.

அப்போதுதான் கோலாலம்பூரில் எங்கள் சாலைத்துறை அலுவலகம் கனரக வாகனங்களுக்கான பெர்மிட்டுகளைக் கணினி வரைபடத்தைக் கொண்டு கொடுக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் எடை வரம்பு உண்டு. லோரி அதைத் தாண்டினால் கணினி மறுத்துவிடும். மணியம் என்பவருக்கும் அப்படித்தான் மறுத்தது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய லோரி. மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை அவருக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பெர்மிட் வராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். தோட்டத்துக் கான்கிரீட் பாலத்துக்கு ஐந்து டன்தானா என்று அவர் விடாமல் புகார் செய்தார். அதனால் போய்ப் பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு புடுராயா பஸ் நிலையத்தில் ஏறினேன். மலாக்கா ஏறக்குறைய 150 கிலோமீட்டர், கட்டணம் ஏழு மலேசிய வெள்ளிக்குள். அங்கிருந்து மெர்லிமாவ் 25 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்ததே முக்கால் மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு கம்போங் கிராமத்திலும் நின்று நின்று போனது. நீங்கள் போனால் டாக்சி எடுங்கள்.

மணியம் லோரியோடு சாலையோர ஒட்டுக்கடை அருகே நின்றிருந்தார். தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர். என் கையிலிருந்த வரைபடத்தில் சாலை பந்துத் திடலின் நடுவே ஓடியது.

“கோல் போஸ்ட்டுக்கும் பெர்மிட் எடுக்கணுமா மேடம்?” என்றார்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டைச் சரிபார்த்தவர் எனக்கு அடுத்த மேசைக்காரர்.

பாலம் அகலமாக, விரிசல் இல்லாமல்தான் இருந்தது. முனையில் ஒரு துத்தநாகத் தகடு. அதில் சிவப்பு எழுத்தில், மலாயில், ஐந்து டன் என்று எழுதியிருந்தது. பார்வைக்கு அரசாங்கப் பலகைதான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தமிழில் “தீமிதித் திருவிழா” என்றும், பாதி வெட்டப்பட்ட “அன்னதானம்” என்றும் இருந்தன. எங்கள் ஆட்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கணினியில் ஏறியதும் அது அரசாங்கத்து எண்ணாகிவிட்டது.

யார் வைத்தது என்று, வெளிக்காட்டில் களை வெட்டும் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த பெண்களைக் கேட்டேன். முன்னால் வந்த பாக்கியம் என்பவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“பக்கத்துலயே நிக்கிறாரே, அவரைக் கேளுங்க. என்னா மணியம், ஆணி அடிச்சது நீதானே?”

மணியம் பிடரியைத் தடவினார். “அப்ப எங்கிட்ட லோரி இல்லக்கா.”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை முதல் புகாரிலேயே அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பகல் மிச்சம்.

பிறகு பாக்கியம் விவரமாகச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் மணல் லோரிகள் பெருஞ்சாலையைச் சுற்றாமல் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்து வழியாகக் குறுக்கே ஓடியிருக்கின்றன. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு நடந்து போவதும் அதே வழிதான். மானேஜரிடம் சொல்லியும் நடக்கவில்லை. கோயில் கமிட்டி கூடி, திருவிழாத் தகட்டைத் திருப்பி எழுதி அடித்துவிட்டது. மணல் லோரிகளும் நின்றுவிட்டன.

“நான் மெதுவாத்தான் போவேன்லா,” என்றார் மணியம்.

“நீ மெதுவா போவ. உன் பின்னால வர்றவன்?”

அவர் தகட்டின் ஆணியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

பாலத்தின் உண்மையான வரம்பு யாருக்கும் தெரியவில்லை. கட்டிய கம்பெனி தோட்டத்தை விற்றுவிட்டுப் போனபோது பாலத்தின் கட்டுமான வரைபடங்களும் போய்விட்டன. ஆகவே இப்படிப் போகிறவர்களுக்கு என் அனுபவம் இதுதான்: காவல் கொட்டகையில் சொல்லிவிட்டு நுழையுங்கள், மழைக்காலத்தில் செம்மண் சாலையில் காரை விடாதீர்கள், கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், எந்தப் பலகையையும் சுற்றிவந்து பாருங்கள். பார்த்த பிறகு என்ன செய்வதென்று என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் காலை அந்த ஐந்தை அழித்தேன். கட்டத்தைக் காலியாக விட்டு, பொறியாளர் சோதிக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். பதினொரு மணிக்கு மணியத்தின் பெர்மிட் அச்சாகி வந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்னிரண்டுக்கு அதே பாலத்துக்கு ஒரு மணல் கம்பெனியின் பெர்மிட்டுகள் வரிசையாக வந்தன. கட்டம் காலி என்றால் தடை இல்லை என்று கணினி எடுத்துக்கொள்ளுமாம். குறிப்பை அது படிக்காதாம். பொறியாளர் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

ஒரு லோரிக்கு மட்டும் விடக் கணினியில் வழியில்லை; மணியத்துடையதையும் சேர்த்து எல்லாப் பெர்மிட்டுகளையும் நிறுத்திவிட்டு நானே ஐந்து என்று தட்டினேன். மணியத்துக்குப் போன் செய்து சொன்னேன். “சரிங்க மேடம்,” என்று போனை வைத்துவிட்டார். பெருஞ்சாலையைச் சுற்றிவரும் செலவைத் தாங்கக்கூடிய, மூன்று லோரி வைத்திருந்த ஒருவருக்கு அன்று மாலையே குத்தகை போனது. அந்த ஐந்துக்கு எதிரே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், என் பெயர் ஏறியது.