என் கார் நின்ற கூடம்

வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் சில சொற்களைக் கற்றுக்கொள்கிறார்கள். பிரிபடாத பங்கு என்றால், மொத்த மனையில் நமக்கு உரிய, ஆனால் எந்த மூலை என்று கைகாட்ட முடியாத பாகம். ஸ்டில்ட் என்றால், தூண்கள் மட்டும் நிற்க வண்டி நிறுத்துவதற்கென்று விடப்படும் தரைத்தளம். நிறைவுச் சான்றிதழ் என்றால், அனுமதி பெற்ற வரைபடத்தின்படியே கட்டடம் எழும்பியிருக்கிறது என்று அதிகாரி நேரில் பார்த்துத் தரும் தாள். அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தபோது இவற்றையெல்லாம் நோட்டில் எழுதிப் படித்தேன். இந்தச் சொற்களைக் கொண்டே ஒரு குடும்பத்தின் சுவரை இடிக்க முடியும் என்பது சேக்காட்டுக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கட்டடம் மூன்று மாடி, ஆறு வீடு. கட்டியவர் உள்ளூர்க்காரர். அவர் குடும்பம் கீரை பயிரிட்ட நிலம்தான் எங்கள் மனை. வரைபடத்தில் முழுக்க வண்டி நிறுத்துமிடமாக இருந்த தரைத்தளத்தில், பின்பாதியை அடைத்து ஏழாவதாக ஒரு வீட்டை அவர் கட்டி விற்றிருந்தார். வாங்கியவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் தைக்கிற பெண். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு மகள்கள். வரைபடத்தில் இல்லாத வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது என்பதால், நகையையும் சேமிப்பையும் மொத்தமாகக் கொடுத்து வாங்கியிருந்தார்கள்.

சான்றிதழ் வருவதற்கு முன்பே எல்லோரும் குடியேறிவிட்டோம். கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக மின் இணைப்பில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. நிரந்தர இணைப்புக்குச் சான்றிதழ் வேண்டும். அதிகாரி வரும் தேதி தெரிந்ததும் கட்டியவர் எங்களைக் கூட்டினார்.

"ஒரு நாள் கூத்து தான் சார். செவுத்த எட்துட்டு வண்டிய உட்டா பார்க்கிங். அவரு போனதும் மறுபடி கட்டிக்கலாம். இந்த ஏரியால பாதி பில்டிங் இப்டி தான் வாங்கிகீது."

நாங்கள் ஒப்புக்கொண்டோம். பொதுநலம் பற்றி மேடைகளில் பேசிய பழக்கம் உள்ள நானும் தலையாட்டினேன்.

அதிகாரி வரவிருந்த நாள் காலையில் கொத்தனார் சுவரை எடுத்தார். பிறகு வாசல் நிலையில் கடப்பாரையை வைத்தார். புதுமனைப் புகுவிழா நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நிலையில் மஞ்சள் வெளுத்திருந்தாலும் போகவில்லை. நிலையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டார்.

"நெலைய வச்சிகினு பார்க்கிங்னு எப்டிமா சொல்றது? வாசக்கால் வச்ச கார் ஷெட்ட எங்கியாச்சும் பாத்துகிறியா?" என்றார் கட்டியவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

கட்டிலும் பீரோவும் மொட்டைமாடிக்குப் போயின. சமையல் மேடையைத் தார்ப்பாயால் மூடி, முன்னால் ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்தினார்கள். குளியலறைக் கதவில் 'வாட்ச்மேன் அறை' என்று ஒரு தாளை ஒட்டினார்கள். என் கார் பெரியது என்பதால் அதை அந்தப் பெண்ணின் வீட்டுக் கூடத்தின் நடுவே நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். அதிகாரி வந்து தரையைப் பார்த்தார். பார்க்கிங்குக்கு டைல்ஸா என்று கேட்டார். சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் என்று பதில் வந்தது. அவர் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

சான்றிதழும் இணைப்பும் வரும்வரை அந்தக் குடும்பம் கரையான்சாவடியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தது. இணைப்பு கிடைத்த வாரம் அவர்கள் கணவரின் ஆட்டோவில் செங்கல் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். எங்கள் வண்டிகள் அப்போதும் கூடத்தில்தான் நின்றன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அங்கேயே கூட்டம் போட்டார். இரண்டாம் மாடிக்காரர், ஐ.டி. வேலை, எதையும் நிதானமாகப் பேசுகிறவர்.

"பேப்பர்ல இது காமன் ஏரியா. இப்ப சர்டிஃபிகேட்லயும் அப்படித்தான் இருக்கு. நாம ஏன் விட்டுக்கொடுக்கணும்?"

அந்தப் பெண் பத்திரத்தை நீட்டினார். அதில் பதிவாகியிருந்தது பிரிபடாத பங்கு மட்டுமே. கட்டியவரைக் கைபேசியில் அழைத்தால், உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"உங்க பங்கு எங்கயும் போகலம்மா, பத்திரமா மண்ணுக்குள்ள இருக்கு" என்றார் செயலாளர். யாரோ கனைத்துச் சிரிப்பை மறைத்தார்கள்.

உண்மையைச் சான்றிதழ் தந்த அலுவலகத்துக்கு எழுதிவிடலாமா என்று யோசித்தேன். எழுதினால் சான்றிதழ் ரத்தாகலாம், எங்கள் மின்சாரம் போகலாம். ஆனால் முதலில் இடிபடுவது அந்தப் பெண்ணின் வீடாகத்தான் இருக்கும். அவருக்குக் கூரையாக மிஞ்சியிருந்தது நாங்கள் சேர்ந்து சொன்ன பொய் மட்டுமே. எனவே நான் எழுதப் போவதில்லை. எழுதுவேன் என்று சொல்ல மட்டும் முடிவெடுத்தேன்.

"இன்னைக்கே சுவர் எழும்பலைன்னா, அன்னைக்கு நாம செஞ்சத நானே எழுதிக் கொடுத்துடுவேன். என் கார் நம்பரையும் சேர்த்து."

"உங்க வீட்டு கரண்டும் சேர்ந்துதான் போகும் சார்."

"போகட்டும்."

பத்தே நிமிடத்தில் சம்மதித்துவிட்டார்கள். செய்தது தவறு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் ஜன்னலுக்கு முன்னாலாவது ஸ்கூட்டர் நிறுத்திக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார்; நிறுத்தலாம் என்று அதுவும் முடிவானது. மாலைக்குள் நிலை மீண்டும் நின்றது.

மறுநாள் அந்தப் பெண் மாடியேறி வந்தார். உள்ளே அழைத்தும் வரவில்லை.

"சார், மெய்யாலுமே எய்திக் குட்த்துருவீங்களா?"

சும்மா பயமுறுத்தத்தான் சொன்னேன் என்றேன். ஒரு நாளும் எழுத மாட்டேன் என்றும் சொன்னேன்.

"பாத்துக்குங்க சார். எங்களுக்கு இந்த ஊடு தான் கீது."

அவர் என்னை நம்பவில்லை. இப்போதெல்லாம் என் கார் வாசலில் திரும்பும் சத்தம் கேட்டாலே வெளியே வந்து, மகள்களின் சைக்கிளை ஓரமாக நகர்த்தி எனக்கு வழிவிட்டு நிற்கிறார். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை.